பட்டியும் பசளையும்: எருவின் வரலாறு கூறும் பாடம்

தைப்பொங்கலுக்கு மறுநாள் எமது ஊர்களிலே பட்டிப்பொங்கல். தமிழகத்தார் அதனை மாட்டுப்பொங்கல் என்பர். ஈழத்தில் நாம் பட்டிப்பொங்கல் என்கின்றோம். மாட்டுக்குப் பொங்கலிடுதல் எவர்க்கும் விளங்குவதொன்று. உழுது தந்த எருதுக்கும் பால் தந்த பசுவுக்கும் நன்றி செலுத்தாதார் உளரோ? ஆயின் பட்டி என்பது மாடுகளை அடைக்கும் இடமன்றோ? சாணகமும் சிறுநீரும் மிதிபட்டுக் கிடக்கும் அந்த நிலத்தின் பெயரால் ஒரு திருநாள் வழங்குவது சிந்தனைக்குரியது. மாட்டின் உழைப்பையும் பாலையும் மட்டுமன்றி, மாடு கழித்தெறிவதையும் செல்வமாகக் கண்ட ஒரு மக்கட்கூட்டத்தின் அறிவு அப்பெயரிலே உறைந்து கிடக்கின்றது என யாம் கருதுகின்றோம்.

சைவர்களாகிய நாம் நெற்றியில் அணியும் திருநீறும் பசுவின் சாணத்தைச் சுட்டெடுத்ததே. வீட்டு நிலத்தை மெழுகுவதும், பிள்ளையார் பிடித்து அறுகு குத்துவதும் அதனாலேயே. உலகம் கழிவு என்று ஒதுக்குவதை நமது மரபு தூய்மை என்று கொண்டது. இதனைச் சமயக் கண்கொண்டு விளக்குவார் பலர். யாம் இங்கே சொல்லப் புகுவது வேறு. கமக்காரன் எருவை எவ்வாறெல்லாம் கையாண்டான், அதனால் நிலம் எவ்வாறு வாழ்ந்தது, அந்த அறிவை இழந்தபோது என்ன நேர்ந்தது என்னும் வரலாற்றையே சுருக்கமாக எடுத்துரைக்க முயல்கின்றோம்.

பண்டை நூல்களில் எரு

திருவள்ளுவனார் உழவுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார் என்பது யாவரும் அறிந்ததே. அவ்வதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரு குறள்கள் எம்மை நெடுநாள் மயக்கின. ஒரு குறள், உழுத புழுதி நான்கில் ஒரு பங்காக வற்றும்படி நிலத்தை ஆறவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டியதில்லை என்கின்றது. அடுத்த குறளோ, உழுதலைக் காட்டிலும் எருவிடுதலே சிறந்தது என்கின்றது. இவை ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும். உண்மையில் இவை உழவனின் இரு நிலைகளைக் குறிப்பன என்று கொள்ளலாம். புழுதியை வெயிலில் உணங்கவிட்டு நிலத்திலுள்ள உரத்தை எழுப்புவது ஒரு வழி. வெளியிலிருந்து உரம் கொண்டுவந்து இடுவது மற்றொரு வழி. முன்னது சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவிடுவது. பின்னது சேமிப்பிற் போடுவது. எடுத்துக்கொண்டேயிருந்தால் எந்தப் பெட்டகமும் ஒருநாள் வெறிதாகும். இரண்டாவது குறள் எருவை ஏருக்கு மேலாக வைத்ததன் நயம் இதுவே போலும்.

வடமொழியிலுள்ள கிருஷி பராசரம் என்னும் நூல் எருவை ஆக்கும் முறையையே கூறுகின்றது. மாசி மாதமளவில் எருக்குவியலை வணங்கி, மண்வெட்டியாற் கிளறி, வெயிலில் உலர்த்திப் பொடித்து, பங்குனியளவில் வயலிலே குழிகள் இட்டு அவற்றில் நிரப்பி, விதைப்புக் காலத்தில் பரப்ப வேண்டும் என்பது அதன் கருத்து. வராகமிகிரரின் பிருகத் சங்கிதை ஆட்டெரு, எள், மாவு முதலியவற்றை நீரில் இட்டு ஏழு இரவு ஊறவைத்து மரங்களுக்கு வார்க்கச் சொல்கின்றது. சுரபாலர் இயற்றிய விருட்சாயுர்வேதமும் இத்தகைய ஊறல்களை விரித்துரைப்பது. அதன் ஏட்டுப்பிரதி ஒன்று இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நூலகத்திலே கிடந்து, 1996இல் மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. எருவை அப்படியே கொட்டாமல், பக்குவப்படுத்தி இடவேண்டும் என்னும் அறிவு எமது நாடுகளுக்குப் புதிதன்று என்பதற்கு இவை சான்று.

நடமாடும் எருக்கிடங்கு

நூலறிவு ஒருபுறமிருக்க, எழுத்தறியாத கமக்காரன் கண்ட வழி அதனினும் வியக்கத்தக்கது. அதுவே பட்டியடைத்தல். தமிழகத்தார் இதனைக் கிடை போடுதல் என்பர். அறுவடை முடிந்த வெறும் வயலிலோ, பயிர் வைக்கவிருக்கும் தறையிலோ இரவில் ஆடுமாடுகளை அடைப்பார்கள். நாலு புறமும் தடி நட்டுக் கயிறோ படலோ கட்டுவார்கள். விடிந்ததும் மந்தை மேய்ச்சலுக்குப் போய்விடும். ஓரிரு இரவு கழிந்ததும் அடைப்பை அடுத்த துண்டுக்கு மாற்றுவார்கள். இப்படியே காணி முழுவதும் பட்டி நகர்ந்து செல்லும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் என்னும் ஆட்டிடையர் தம் மந்தைகளை ஓட்டிக்கொண்டு தஞ்சை வயல்கள்வரை சென்று கிடை போட்டு, நெல்லாகவோ பணமாகவோ கூலி பெற்று வருவர். அங்கே இடையனுக்குக் கூலி பாலுக்கன்று, இறைச்சிக்கன்று, எருவுக்கே கொடுக்கப்படுகின்றது.

இதன் நுட்பம் யாது? ஒரு விலங்கு கழிக்கும் நைதரசனில் ஏறக்குறையப் பாதியும், பொட்டாசியத்திற் பெரும்பகுதியும் அதன் சிறுநீரிலேதான் உள்ளன. கொட்டிலிலே மாட்டைக் கட்டிச் சாணகத்தை மட்டும் அள்ளிக் குவிப்பவன், செல்வத்திற் பாதியை நிலத்திலே ஊறி வீணாகவிடுகின்றான். குவியலில் மிஞ்சியதிலும் ஒரு பங்கை வெயில் காற்றாக்கிக் கொண்டுபோகும். ஒரு பங்கை மழை கரைத்துக் கொண்டுபோகும். பட்டியடைப்பவனோ சாணத்தையும் சிறுநீரையும் பயிர் நிற்கப்போகும் அதே மண்ணில் விழச் செய்கின்றான். அள்ளும் கூலி இல்லை, ஏற்றும் வண்டி இல்லை, பரப்பும் வேலையும் இல்லை. எருவானது நாலு காலிலே நடந்து தோட்டத்துக்கு வருகின்றது! காட்டிலும் தரவையிலும் சிதறிக் கிடக்கும் புல்லின் சத்தைப் பகலெல்லாம் திரட்டி, இரவிலே கமக்காரனின் காணியில் கொண்டுவந்து வைக்கும் பணியை மந்தையே செய்துவிடுகின்றது.

இங்கிலாந்தின் நோர்போக் முதலிய பகுதிகளிலும் பகலில் மேட்டுநிலப் புல்லை மேய்ந்த செம்மறிகளை இரவில் தானிய வயல்களில் அடைக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நிலவியது. ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டு உழவர் ஒரே முடிவுக்கு வந்தமை, அறிவு எங்கும் ஒன்றே என்பதைக் காட்டுகின்றது. மிஷன் பாடசாலையொன்றிற் பயின்ற எமக்கு, ஜேர்மனிய இரசாயன அறிஞர் லீபிக்கின் பெயரைப் பாடப்புத்தகம் கற்றுத் தந்தது. பட்டியடைத்தலைப் பற்றி அதில் ஒரு வரியேனும் இருக்கவில்லை. அதனைப் பின்னர் ஊர்ப் பெரியவர்களிடமே கேட்டறிந்தோம்.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின்மேல் படிந்த மண்ணும், கல்லைக் குடைந்து கண்ட கிணறுமே எமது முதல். இந்நிலத்திலே ஆண்டுதோறும் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவித்தார்கள். யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்திலேயே திருவாங்கூர்ச் சந்தைவரை சென்றது. புகையிலை நிலத்தை உறிஞ்சும் பயிர். அதனை அதே தறையில் மீண்டும் மீண்டும் நடுவதெனில் அதற்கேற்ற பசளை வேண்டும். அதனை எமது மூதாதையர் எங்கிருந்து பெற்றனர்?

ஆடுமாடுகளின் பட்டி ஒன்று. வன்னிக் காடுகளிலிருந்து வண்டி வண்டியாக வந்த குழை மற்றொன்று. வேலிப் பூவரசின் இலையும் அதனோடு சேரும். கரையோரத்தார் கடல் ஒதுக்கும் சாதாளையைப் பயன்படுத்தினர். எல்லாவற்றிலும் சிறந்த சிக்கனம் பனையோலையிலே காணப்பட்டது. பச்சையோலையைக் கிழித்து மாட்டுக்குத் தீனியாகப் போட்டார்கள். அது சாணகமாகித் தோட்டத்துக்கு வந்தது. காய்ந்த ஓலையால் வீடு வேய்ந்தார்கள், வேலி அடைத்தார்கள். அது பழையதாகி உக்கத் தொடங்கியதும் இறக்கித் தறையிலே தாழ்த்தினார்கள். கூரையாயிருந்தது பசளையாயிற்று. வீட்டிலோ வேலியிலோ வீணென்று ஒன்று இருக்கவில்லை.

சாணகத்தின் சிறு பயன்களும் பலவாகும். முருங்கைக் கொம்பு நடுகையில் அதன் வெட்டுவாய் காயாதிருக்கச் சாணகம் அப்புவது இன்றும் வழக்கம். இளங்கன்றுகளை ஆடுமாடு கடியாதிருக்கச் சாணக நீர் தெளிப்பர். பெட்டி, கடகங்களின் இடுக்குகளைச் சாணகத்தால் மெழுகித் தானியம் சேமிப்பர். பூசணி முதலியவற்றின் விதையைச் சாணகத்திற் பதித்து வரட்டியாகத் தட்டிச் சுவரில் ஒட்டிக் காத்தல் தமிழக உழவர் வழக்கம். நெல்லில் வரும் பக்டீரியா இலைக் கருகலுக்கு, ஒரு லீற்றர் நீருக்கு 20 கிராம் புதுச்சாணம் கரைத்துத் தெளியவிட்டு வடித்துத் தெளிக்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்துள்ளது. ஆச்சியின் கைவைத்தியம் ஆய்வுகூடத்தின் வாசலைக் கடந்து உள்ளே சென்றுவிட்டது.

இஸ்பகானின் புறாக் கோபுரங்கள்

ஆடுமாடு குறைந்த நாட்டில் எருவுக்கு என் செய்வது? பாரசீக நாட்டு இஸ்பகான் நகரத்து உழவர் இவ்வினாவுக்குப் பறவைகளைக் கொண்டு விடை கண்டனர். 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில், சபாவிய அரசர் காலத்தில், நகரைச் சூழ்ந்த வயல்களிலே களிமண் செங்கல்லாலான பெருங் கோபுரங்கள் எழுந்தன. உள்ளே சுவரெங்கும் ஆயிரக்கணக்கான சிறு மாடங்கள். காட்டுப் புறாக்கள் பகலில் எங்கெங்கோ மேய்ந்து, இரவில் அங்கே வந்து தங்கும். பாம்பு ஏறாதிருக்கக் கோபுரத்தின் புறத்தே வழுவழுப்பான சாந்து வளையம் பூசியிருப்பர். ஆண்டுக்கொருமுறை கதவைத் திறந்து கீழே குவிந்துள்ள எச்சத்தை வாரிக்கொண்டு, புகழ்பெற்ற தம் முலாம்பழத் தோட்டங்களுக்கு இடுவர். புறாவை உண்பதற்காக அவர்கள் வளர்க்கவில்லை. எருவுக்காகவே வீடு கட்டிக் கொடுத்தனர். அக்காலத்தில் அங்கு சென்ற பிரான்சியப் பயணி சார்தின், நகரைச் சுற்றி 3,000 கோபுரங்கள் இருந்தன என மதிப்பிட்டார். செயற்கைப் பசளை வந்தபின் அவை கைவிடப்பட்டன. இன்று எஞ்சி நிற்பவை சில நூறே. அவற்றுட் பெரும்பாலானவை வெறுங் கூடுகள்.

எமது பட்டியும் அவர்களது கோபுரமும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள். பரந்த வெளியிற் சிதறிய சத்தை உயிரினங்களைக் கொண்டு திரட்டி, விளைநிலத்தில் ஒடுக்குதலே அக்கருத்து.

இரசாயனமும் இந்தூர்க் குழியும்

1840இல் லீபிக், பயிர் மண்ணிலிருந்து கனியுப்புகளை எடுக்கின்றது என்னும் கொள்கையை விளக்கி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் லோஸ் என்பவர் 1842இல் சுப்பர் பொசுபேற்றுப் பசளைக்கு உரிமம் பெற்று, 1843இல் ரொதம்ஸ்ரெட் என்னுமிடத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அங்கே ஒரு துண்டு நிலத்துக்கு மாட்டெருவும் இன்னொன்றுக்கு இரசாயனப் பசளையும் வேறொன்றுக்கு ஒன்றுமில்லையுமாக இன்றுவரை பயிரிட்டு வருகின்றார்கள். நேர்மையாகச் சொல்வதாயின், தக்க அளவில் இட்ட இரசாயனப் பசளை, மாட்டெருவுக்கு ஈடான கோதுமையை அங்கே நெடுங்காலம் தந்துள்ளது. இதனை மறைத்து எருவைப் புகழ்தல் வழக்கறிஞர் தொழிலாகுமேயன்றி வரலாறாகாது.

ஆயின் அதே பண்ணையில் இன்னோர் உண்மையும் வெளிப்பட்டது. வாற்கோதுமை விளையும் ஒரு துண்டுக்கு 1852 முதல் 1871 வரை 20 ஆண்டுகள் மாட்டெரு இட்டு, பின்னர் நிறுத்திவிட்டார்கள். எரு நின்று நூறாண்டு கடந்தபின்னும், ஒருபோதும் எருக் காணாத பக்கத்துத் துண்டைவிட அது கூடுதலாகவே விளைந்தது. பாட்டன் இட்ட எருவின் பயனைப் பேரனின் பேரன் அறுத்தான். இரசாயனப் பசளை பயிருக்கு உணவு. எரு பயிருக்கு உணவாவதோடு மண்ணுக்கும் முதலாகின்றது. இந்த வேறுபாட்டை உணர்ந்தாலொழிய எருவின் பெருமை விளங்காது.

இதனை உலகுக்கு உரத்துச் சொன்னவர் அல்பேர்ட் ஹவார்ட். 1905இல் இந்தியாவுக்குப் பயிரியல் அறிஞராக வந்த ஆங்கிலேயர் இவர். இந்திய உழவருக்குப் பாடம் புகட்ட வந்தவர், அவர்களையே தமக்கு ஆசிரியராகக் கொண்டார். 1924இல் இந்தூரில் ஆராய்ச்சி நிலையம் அமைத்து, தம் மனைவியார் கேப்ரியலுடனும், யஷ்வந்த் வாட் என்னும் இந்திய இரசாயன அறிஞருடனும் உழைத்து, இந்தூர் முறை எனப்படும் கூட்டெருவை உருவாக்கினார். முறை எளிது. பயிர்க் கழிவை ஒரு படையாக இடுதல், அதன்மேல் சாணகம், அதன்மேல் மாட்டுக் கொட்டிலில் சிறுநீர் ஊறிய மண்ணும் விறகுச் சாம்பலும், அளவாக நீர் தெளித்தல், காற்றுப் புக மும்முறை புரட்டுதல். ஏறக்குறைய 90 நாளில் கரிய, மணமுள்ள, உதிரும் எரு ஆயத்தமாகும். சிறுநீரைக் கொட்டில் மண்ணிலே பிடித்துவைத்து, அம்மண்ணையே பசளைக்குப் பயன்படுத்தியதுதான் இதில் நுட்பம். பட்டியின் தத்துவமும் இதுவேயன்றோ! மேலும், சிறிதளவு சாணகம் பெருமளவு சருகை எருவாக்கும் உறையாக அமைகின்றது. ஒரு கரண்டி மோர் ஒரு சட்டிப் பாலைத் தயிராக்குவது போல. ஹவார்டின் நூல் 1931இல் வெளிவந்தது. 1940இல் வந்த அவரது மற்றொரு நூல் மேலைநாட்டு இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கே வித்தாயிற்று.

சாணத்திலிருந்து சுடர்

சாணத்தைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. அதனை வரட்டியாக்கி அடுப்பெரிப்பதா, எருவாக்கி நிலத்திலிடுவதா? எரித்தால் நைதரசன் புகையோடு போகும். எரிக்காவிடின் உலை ஏறாது. விறகற்ற வட இந்திய ஊர்களில் இது பெருந் துன்பமாயிருந்தது. இவ்வழக்கைத் தீர்த்து வைத்தது சாணவாயுக் கலம்.

சேற்றிலிருந்து எரியும் வாயு எழுவதை இத்தாலியரான வோல்ற்றா 1776இல் ஆராய்ந்தார். மாட்டெருவிலிருந்து அவ்வாயு பிறப்பதை இங்கிலாந்தின் ஹம்பிரி டேவி 1808இல் கண்டார். 1939இல் டில்லியிலிருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். வி. தேசாய் சாணத்திலிருந்து வாயு எடுக்கும் சோதனைகளை நடத்தினார். 1950களில் ஜஷ்பாய் பட்டேல், குழியின்மேல் இரும்புக் கலம் மிதக்கும் அமைப்பை வகுத்து அதற்குக் கிராமலட்சுமி என்று பெயரிட்டார். வாயு சேரச்சேரக் கலம் மேலெழும். அடுப்பெரிக்க எரிக்கத் தாழும். 1960களில் கதர் கிராமக் கைத்தொழில் ஆணைக்குழு இதனை ஏற்றுப் பரப்பியது. 1984இல் இரும்பே வேண்டாத, செங்கல்லாலான தீனபந்து என்னும் மலிவான அமைப்பு வந்தது. 2010களின் இறுதியில் இந்தியாவில் ஏறக்குறைய 50 லட்சம் வீட்டுக் கலங்கள் கட்டப்பட்டிருந்தன.

நேபாளத்தின் கதை எமக்கு இன்னும் இனியது. 1955இல் அந்நாட்டின் முதற் கலத்தைக் கோதாவரியிலுள்ள சேவியர் பாடசாலையில் அமைத்தவர் சபோல் என்னும் யேசுசபைப் பாதிரியார். கிறித்துவக் குருவானவர் ஒருவர் இந்து நாடொன்றிலே கோமயத்திலிருந்து சுடரேற்றினார். அந்தச் சுடர் பின்னர் மலைநாட்டு வீடுகள் இலட்சக்கணக்கானவற்றின் அடுப்புகளிலே எரிந்தது. பெண்கள் விறகுக்கு நடந்த தூரமும், கண்ணிற் பட்ட புகையும் குறைந்தன. நல்லறிவு எந்த வாசலால் வரினும் வரவேற்கத் தக்கதென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நாளொன்றுக்கு 2 கனமீற்றர் வாயு தரும் கலத்துக்கு 50 கிலோ சாணமும் அதேயளவு நீரும் வேண்டும். நாலைந்து மாடுள்ள வீட்டுக்கு இது இயலும். அவ்வாயு நாலைந்து பேருள்ள குடும்பத்தின் சமையலுக்குப் போதும். வியப்பு யாதெனில், வாயுவாகப் போவது பெரும்பாலும் கரியும் ஐதரசனும் ஒட்சிசனுமே. நைதரசன் கலத்திலிருந்து வழியும் கூழிலேயே தங்கிவிடுகின்றது. அக்கூழ் நேரே தோட்டத்துக்குச் செல்லும். ஒரே சாணம் அடுப்பையும் எரித்து நிலத்தையும் ஊட்டுகின்றது. இன்னுமொன்று: இவ்வாயுவிற் பெரும்பகுதியான மெதேன், எரிக்கப்படாமல் வானிற் கலப்பின், நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைக் காட்டிலும் ஏறக்குறைய 28 மடங்கு உலகைச் சூடேற்ற வல்லது. அதனை அடுப்பிலெரிப்பவன் தன் வீட்டுக்கு மட்டுமன்றி உலகுக்கும் நன்மை செய்கின்றான்.

ஓர் ஆண்டில் கற்ற பாடம்

இனி எமது நாட்டின் அண்மை வரலாற்றுக்கு வருவோம். 1962இல் இலங்கையில் பசளை மானியம் தொடங்கியது. 2005இல் நெல் விவசாயிக்கு 50 கிலோ மூடை 350 ரூபாவுக்கு வழங்கப்பட்டது. மூடை மலிந்தபோது பட்டி குறைந்தது. உழவு இயந்திரம் வந்தபோது எருது போயிற்று. எருது போனபோது எருவும் போயிற்று. மேய்ச்சல் தரவைகள் வேலியடைக்கப்பட்டன. இதிலே கமக்காரனைக் குறைகூற யாம் ஒருப்படோம். விளைச்சல் பெருகியதும், நாட்டின் அரிசித் தேவை பெரும்பாலும் உள்நாட்டிலேயே நிறைவுற்றதும் மெய்யே.

வடபுலத்தார்க்கு வேறோர் அனுபவமும் உண்டு. போர்க்காலத்தில், 1990 முதல் பல்லாண்டு, யூரியா தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிருந்தது. அக்காலத்தில் தோட்டஞ் செய்த பெரியவர்கள் சாணகத்தின் விலையறிந்தவர்கள். அவர்களிற் பலர் இன்றும் எம்மிடையே உளர்.

2021 ஏப்ரல் இறுதியில் நாடெங்கும் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்த அரசு முடிவு செய்து, மே 6ஆம் திகதி வர்த்தமானி வெளியிட்டது. எருவின் பெருமை பேசப்பட்டது. எரு எங்கே என்று கேட்டார் சிலரே. கணக்கைப் பார்ப்போம். ஒரு 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் உண்டு. சாதாரண மாட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு அரைப் பங்கு. ஆகவே ஒரு மூடையின் நைதரசனைப் பெற ஏறக்குறைய 4,600 கிலோ எரு வேண்டும். நாளொன்றுக்கு 10 கிலோ சாணம் இடும் மாடொன்று ஆண்டு முழுவதும் தருவதோ 3,650 கிலோதான். மாடில்லாக் கமக்காரன் ஒரு போகத்துக்குள் இதனை எங்ஙனம் திரட்டுவான்? வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த 20,000 தொன் சேதனப் பசளையில் தீய நுண்ணுயிர் உண்டெனக் கண்டு அதனை இறக்க மறுத்தார்கள். இறக்காத பசளைக்கு 67 லட்சம் டொலர் கொடுக்க நேர்ந்தது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆயினும் காலங் கடந்துவிட்டது. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல், முந்திய பெரும்போகத்தைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது. பல வீடுகளிலே உலை குறைந்தது.

இந்நிகழ்ச்சியைக் காட்டி, எரு தோற்றது என்பாருளர். அவர்தம் கூற்றை யாம் ஏற்கவில்லை. தோற்றது எருவன்று, அவசரமே. பட்டியும் கொட்டிலும் குழையும் குழியும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த ஒரு முறை; அறுபது ஆண்டுகளாகக் கைவிட்டதை ஆறு மாதத்திலே கட்டளையிட்டு எழுப்பமுடியாது. ரொதம்ஸ்ரெட்டின் துண்டு நிலம் கூறும் பாடமும் இதுவே. எருவின் பயன் மெல்ல வரும், நெடுநாள் நிற்கும்.

மறுபுறத்துக் குற்றத்தையும் மறைத்தல் ஆகாது. குடாநாட்டுச் சுண்ணாம்புக் கல் நீரை எளிதில் உள்ளே விடும். மிகையாக இட்ட பசளையின் நைதரேற்று கிணற்றுக்குள் இறங்கும். தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அது, ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். இதற்கு யூரியா மட்டும் பொறுப்பன்று. அளவின்றிக் கொட்டிய எருவும் பொறுப்பே. இயற்கை என்னும் பெயர் மிகைக்கு மன்னிப்பு ஆகாது. அளவறிந்து இடுதலே கமக்காரனின் கல்வி.

எமது கடன்

இளைஞர்களாகிய நாம் என் செய்யலாம்? அடுத்த பட்டிப்பொங்கலுக்குள் எமது சங்கம் மூன்று பணிகளை மேற்கொள்ளலாமென யாம் விண்ணப்பிக்கின்றோம். முதலாவது, பட்டியடைத்த, குழை தாழ்த்த பெரியவர்களை நாடிச் சென்று, எத்தனை மாட்டுக்கு எத்தனை பரப்பு, எத்தனை இரவு, எந்தப் பயிருக்கு எந்த எரு என்பவற்றைக் கேட்டு எழுதிவைத்தல். இவ்வறிவு அவர்களோடு மறைந்தால் எந்த நூலகத்திலும் தேடிக் கிடையாது. இரண்டாவது, கோயில்களிலும் மண்டபங்களிலும் வீணே எரிக்கப்படும் வாழையிலை, தோரணம், பூ, சருகு ஆகியவற்றைச் சாணகத்தோடு சேர்த்துக் கூட்டெருவாக்கும் குழியொன்றை ஊருக்கு ஒன்றாக அமைத்தல். மூன்றாவது, நாலைந்து மாடுள்ள வீட்டார் சிலரையேனும் சாணவாயுக் கலம் கட்டத் தூண்டி, அதற்கு வேண்டிய ஆளுதவியைச் சிரமதானமாகச் செய்தல்.

பல்கலைக்கழகத்திலே நாம் கற்கும் இரசாயனமும் உயிரியலும் இப்பணிக்கு உதவாவிடின் வேறெதற்கு உதவும்? மாட்டுக் கொட்டிலிற் கால் வைக்க நாணுகின்ற படித்தவன், திருநீறு பூசும்போது தன் விரலில் இருப்பது யாதென்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பானாக. மூத்தோர் எமக்கு வழிகாட்டுக, இளையோர் கைகொடுக்குக. வருகின்ற பட்டிப்பொங்கலன்று பொங்கும் பானை, பட்டியில்லா வீட்டின் வெறும் முற்றத்திலே பெயருக்குப் பொங்காமல், மாடு நின்ற மண்ணிலேயே பொங்குவதாக.